டிரைவர் யோவானின் ஜீப்பு குடித்த பெட்ரோல்

அடைமழை நாளில் கரிசலுக்குள் வண்டியை இறக்கி, யார் வீட்டு உழவு மாட்டையும் கூப்பிடாமல் கரையேற்றிக்கொண்டு வரத் தெரிந்த டிரைவர்கள் அந்தக் காலத்தில் கோவில்பட்டி வட்டாரத்தில் ரொம்பப் பேர் கிடையாது. இருந்த ஒன்றிரண்டு பேரில் யோவான் ஒருத்தர். கயத்தாறுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர் அவருக்கு. யுத்தத்தின்போது அஸ்ஸாம் பக்கம் பட்டாள லாரி ஓட்டிவிட்டு, முழங்காலில் ஒரு தழும்போடும் பையில் ஒரு லைசென்சோடும் திரும்பி வந்தவர். ஊரில் அவருக்கு இருந்தது வானம் பார்த்த பூமி. வானம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகென்ன, ரத்தினத்தைக் கட்டிக்கொண்ட கையோடு கோவில்பட்டிக்கு வந்து, குருசாமி முதலாளியின், பருத்தியில் கொட்டை நீக்கிப் பஞ்சாக்குகிற அரவை மில்லில் ஜீப்பு டிரைவராகச் சேர்ந்துவிட்டார்.

ஜீப்பும் பட்டாளத்து உருப்படிதான். சண்டை முடிந்ததும் வெள்ளைக்காரன் கழித்துப்போட்டதை முதலாளி ஏலத்தில் எடுத்திருந்தார். ஸ்டியரிங் இடது பக்கம். மைல் காட்டுகிற முள் எப்போதோ செத்துப்போய் ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தது. ஆனால் இஞ்சின் இருக்கிறதே, அடேயப்பா! பருத்தி மூட்டையை ஏற்றிக்கொண்டு எந்த ஓடையில் இறங்கினாலும் முனகாமல் ஏறும். ஒரு காலன் பெட்ரோலுக்குப் பதினாறு பதினேழு மைல் கொடுக்கும். யோவான் அதைக் கட்டிய மனைவியைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்று மில்லில் எல்லோரும் கேலி பண்ணுவார்கள். ரத்தினமும் அதையேதான் சொல்வாள், கேலியாக இல்லை.

நயா பைசா புதிதாக வந்த வருஷம் அது. கோடை தொடங்கியதும் ஜீப்புக்கு ஒரு கெட்ட குணம் வந்து சேர்ந்தது. கிராமம் கிராமமாகப் போய்ப் பருத்தி பிடித்துவருகிற ஓட்டம் போன வருஷத்து ஓட்டமேதான். பெட்ரோல் மட்டும் ஏறக்குறைய ரெண்டு பங்கு போயிற்று. யோவானுக்கே முதலில் பிடிபடவில்லை. ரஸ்தா மோசம், மூட்டை கூட, வெயில் கூட என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மில்லுக்கு ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார், தங்கச்சாமி என்று பேர். யாராவது சிரித்துக்கொண்டு எதிரே வந்தால் இவன் எதைத் திருடிவிட்டுச் சிரிக்கிறான் என்று யோசிக்கிற பிறவி. அவருக்குச் சமாதானமெல்லாம் தேவைப்படவில்லை. பங்க்கிலிருந்து வந்த பில்லைத் தூக்கி முதலாளி முன்னால் வைத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை, மில்லின் முன்வாசலில் விளைந்த பருத்தியைக் கொண்டுவந்து போடுகிற சம்சாரிகளும் அரவைக்கு வந்த பெண்களும் நிறைந்து நிற்கும்போது முதலாளி கூப்பிட்டார்.

"ஏலே யோவான், இங்கன வா. என்னலே, வண்டி கடலக் குடிக்குது? ஓடுத ஓட்டம் அதே ஓட்டம். பெட்ரோலு எங்கலே போகுது?"

"நானும் அதத்தான் மொதலாளி பாத்துக்கிட்டு இருக்கேன். வண்டியில ஏதோ கோளாறு இருக்கு."

"கோளாறு வண்டியிலயா, ஓட்டுதவன்கிட்டயா?" என்றார் தங்கச்சாமி, பாக்குவெட்டியால் பாக்கை நறுக்கிக்கொண்டே.

கூட்டம் யோவானைத் திரும்பிப் பார்த்தது. யோவானுக்குப் பயம் வந்தது. பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. பாக்கியசாமி என்று ஒருத்தர், தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் லாரி ஓட்டியவர். பெட்ரோலை உறிஞ்சி விற்றார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையா பொய்யா என்று இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது. அவர் இப்போது ரயிலடியில் மூட்டை தூக்குகிறார். லைசென்சு இருந்தால் போதுமா? சாவியை நம்பிக் கையில் கொடுக்க ஒரு ஆள் வேண்டாமா? 'பெட்ரோல் களவாணி' என்று ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால் கோவில்பட்டி முதல் கயத்தாறு வரை எவனும் அந்த டிரைவர் கையில் சாவியைக் கொடுக்க மாட்டான்.

குருசாமி முதலாளி கொடுமைக்காரர் இல்லை. அந்த வட்டாரத்து வழக்கப்படி ஒரு வழியும் சொன்னார்.

"நீரு சும்மா இரும் வே கணக்கப்பிள்ளை. ஏலே, எனக்கு ஒண்ணும் வேண்டாம். உங்க ஊருக் குருசடியில, சிலுவைக்கு முன்னால ஒரு மெழுகுவத்தியப் பொருத்தி வச்சு, நான் எடுக்கலன்னு ஒரு சத்தியம் பண்ணிட்டு வா. நான் நம்பிருதேன். அதோட விட்டுருவோம்."

அங்கே அப்படித்தான். ஆடு காணாமல் போனாலும் அட்டியல் காணாமல் போனாலும் போலீஸெல்லாம் பிறகுதான். சந்தேகப்பட்டவனை அவனவன் சாமி முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். சத்தியம் பண்ணிவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கிறவன்தான் கெட்டவன். பாவி மனுஷன், சரி மொதலாளி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

யோவான் சொல்லவில்லை. நாற்பது வயசுவரை யாருடைய பொருளிலும் கை வைக்காதவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"களவாண்டவன் பண்ணட்டும் மொதலாளி சத்தியம். நான் எதுக்குப் பண்ணணும்? வண்டிய அளந்து பாருங்க. திங்கக்கிழம உங்க ஆளையே பக்கத்துல உக்காத்தி வைங்க. தொட்டியக் காலி பண்ணிட்டு ஒரு காலன் ஊத்தி, நிக்கித வரைக்கும் ஓட்டிக் காட்டுதேன். எம் மேல தப்புன்னா சாவிய வாங்கிக்கிடுங்க."

முதலாளி மீசையை நீவிக்கொண்டார். அவர் நீட்டிய கையைத் தட்டிவிட்டது மாதிரி ஆகிவிட்டது. "சரிலே, அளந்துதான் பாப்பமே" என்றார்.

சேதி அவருக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ரத்தினம் கூலிக்குத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பசை அப்பிய விரலோடு எழுந்து வந்தாள்.

"ஒரு மெழுகுவத்திதான? பொருத்திட்டு வந்தா நீங்க என்ன கொறஞ்சா போயிருவிய?"

"எடுக்காதவன் எதுக்குட்டி சத்தியம் பண்ணணும்?"

"எடுக்காதவனுக்கு என்ன பயம்ங்கேன்?"

அதற்கு யோவானிடம் பதில் இருந்தது. ஆனால் பேசினால் சண்டை வரும் என்று சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மில்லுக்குப் போய் ஜீப்பை எடுத்தார். நாளைக்கு ஊர் முன்னால் அளக்கப் போகிறோம், இன்றைக்குத் தனியாக ஒரு தடவை அளந்து பார்த்துவிடுவோம் என்று எண்ணம். தொட்டியின் அடித்திருகைக் கழற்றி, இருந்த பெட்ரோலையெல்லாம் டின்னில் வடித்தார். அதிலிருந்து ஒரு காலனை அளந்து திரும்ப ஊற்றினார். முள் செத்த வண்டியில் மைலை எப்படி அறிவது? திருநெல்வேலி ரஸ்தாவில் சர்க்கார் நட்டு வைத்த மைல்கல் இருக்கிறதே! கோவில்பட்டிக் கல்லில் தொடங்கி நிதானமாக, ஒரே வேகமாக, இறக்கத்தில்கூட இஞ்சினை அணைக்காமல் ஓட்டினார். இடைசெவல் தாண்டி ஒன்பதாவது கல்லுக்கு வருவதற்குள் ஜீப்பு ரெண்டு தும்மல் தும்மி நின்றுவிட்டது.

ஒன்பது மைல்! பதினேழு கொடுத்த வண்டி! வயிறெரிந்துபோய்ப் புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு டின்னில் கொண்டுபோயிருந்ததை ஊற்றிக்கொண்டு, ரயிலடிப் பக்கம் பட்டறை வைத்திருந்த சேக் முகம்மதுவிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். சேக் முகம்மது யோவானைவிட நாலைந்து வயது இளையவர். கார்புரேட்டர் வேலையில் கெட்டிக்காரர். வாயும் அப்படித்தான்.

ரெண்டு பேருமாகத் தேட ஆரம்பித்தார்கள். முதலில் ஒழுக்கு. தொட்டியின் அடி, குழாய், மூட்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தார்கள். ஈரமே இல்லை. அடுத்தது சக்கரம். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினால் பெட்ரோல் போகும். ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகச் சுழற்றினால் நாலும் லேசாகச் சுற்றின. முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற கம்பி, சேற்றில் மட்டும் போடுவது, மறந்துபோய்ப் போட்டபடியே கிடக்கிறதோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளே மிதக்கிற பித்தளை மிதவையைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார் சேக் முகம்மது. ஓட்டையானால் உள்ளே பெட்ரோல் குலுங்கும். குலுங்கவில்லை.

கடைசியாகப் பிளக்கைக் கழற்றினார்கள். நாலு பிளக்கும் அடுப்புச் சட்டியின் அடி மாதிரி கரிபிடித்துக் கிடந்தன.

"அண்ணாச்சி, பெட்ரோலு வேண்டிய மட்டும் வருது. காத்துத்தான் பத்தல. மூக்கப் பாரும்" என்றார் சேக் முகம்மது.

யோவான் இஞ்சினுக்குள் காற்று இழுக்கிற வாயைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துபோயிற்று.

மாசி மாசம் ஜீப்பின் காற்றுக் குடுவை, தூசியை வடிகட்டி இஞ்சினுக்குக் காற்று அனுப்புகிற எண்ணெய்ச் சட்டி, கல்லில் அடிபட்டு உடைந்துபோனது. புதிது மதுரையிலிருந்து வரவேண்டும் என்றார்கள். கரிசல் தூசி லேசுப்பட்டதா? அரைத்த மாவு மாதிரி பறக்கும். அது இஞ்சினுக்குள் போனால் இஞ்சின் தேய்ந்து செத்துவிடும். யோவான் யோசித்தார். அரவை மில்லில் பெண்கள் பஞ்சுத்தூசி ஏறாமலிருக்க மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டுதானே வேலை பார்க்கிறார்கள்? ஜீப்புக்கும் மூக்கைக் கட்டினால் என்ன? மில்லிலேயே நல்ல பஞ்சாக எடுத்து, ரெண்டு மல்துணிக்கு நடுவே பரப்பி, தலையணை மாதிரித் தைத்து, காற்று இழுக்கிற வாயில் கம்பி போட்டுக் கட்டிவிட்டார். புதுக் குடுவை வரவில்லை. கட்டியதை யோவானும் மறந்துபோனார். பிள்ளைக்குத் தொப்பி மாட்டி வெயிலில் அனுப்பின தாய் மாதிரி நிம்மதியாக இருந்துவிட்டார்.

அந்தப் பஞ்சு கோடைத் தூசியையெல்லாம் குடித்து, இஞ்சின் எண்ணெயில் ஊறி, மில்லில் பறக்கிற பிசிரையும் சேர்த்துக்கொண்டு, கழற்றும்போது அடை மாதிரிக் கையில் வந்தது. ஊதினால் காற்று மறுபக்கம் போகவில்லை.

"அடப்பாவி மனுசா! காப்பாத்துதேன்னு சொல்லிக் கழுத்தப் பிடிச்சிருக்கீரே!" என்று சேக் முகம்மது விழுந்து விழுந்து சிரித்தார். யோவானும் சிரித்தார். எத்தனை மாசப் பாரம்! கோளாறு கிடைத்துவிட்டது. நாளைக்கு எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டிவிடலாம்.

சேக் முகம்மது சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னார். "நான் சொல்லுதத அப்படியே கேளும். இத மறுபடியும் கட்டும். நாளைக்குக் கணக்கப்பிள்ளைய உக்காத்தி வச்சு ஓட்டும். ஒம்பது மைல்ல நிக்கட்டும். அவியளே கண்ணால பாக்கட்டும். அதுக்குப் பொறவு அவிய முன்னாலயே கழட்டும்."

புத்திசாலி பேச்சு. தங்கம் மாதிரிப் பேச்சு. யோவானுக்கு அது பிடிக்கவில்லை.

"கோளாறுன்னு தெரிஞ்ச பொறவு அதக் கட்டி ஓட்டச் சொல்லுதியா? நாடகமால்லா ஆயிரும். மொதலாளி பெட்ரோலு தம்பி, தெரிஞ்சே கரியாக்கவா?"

"நாடகமோ, கூத்தோ! உம்ம பேரு நிக்கணுமா வேண்டாமா?"

"சந்தைக்கு மாட்டக் கொண்டுபோறவன் குளிப்பாட்டாமலா கொண்டுபோவான்?" என்றார் யோவான். பிளக்குகளைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, பழைய பித்தளை வலையொன்றை எண்ணெயில் முக்கி மூக்கில் பொருத்தி, வண்டியைக் கழுவியும் வைத்தார். பஞ்சு அடையைக் காகிதத்தில் சுற்றிச் சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டார். முதலாளிக்குக் காட்டினால் சந்தோஷப்படுவார் என்று நினைப்பு. இப்படி ஒரு மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?

திங்கட்கிழமை தங்கச்சாமி விபூதியெல்லாம் பூசிக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறினார். தொட்டியை வடித்ததும் காலனை அளந்து ஊற்றியதும் அவர் கையால்தான். முதலாளி வாசலில் நின்று வழியனுப்பினார். வண்டி பஞ்சாகப் பறந்தது. இடைசெவல் வந்தது, போயிற்று. ஒன்பதாவது கல்லைத் தாண்டும்போது யோவானுக்கு உடம்பு சிலிர்த்தது. கயத்தாறு வந்தது, போயிற்று. பதினேழாவது கல்லையும் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் ஜீப்பு நின்றது.

"பாத்தியளா கணக்கப்பிள்ளை!" என்றார் யோவான், முகமெல்லாம் பல்லாக.

"பாத்தேன் வே, பாத்தேன்" என்றார் தங்கச்சாமி.

திரும்பிவந்ததும் முன்வாசலில் வைத்தே தீர்ப்பு நடந்தது. கணக்கப்பிள்ளை பதினேழு மைல் என்றதும் முதலாளி யோவானை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் யோவானுக்குக் கலக்கமாக இருந்தது.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லையேலே. பழையபடி பதினேழு ஓடுதே."

"இருந்துச்சு மொதலாளி. நேத்துத்தான் கண்டுபிடிச்சுச் சரி பண்ணினேன். இந்தா பாருங்க, இது மூக்க அடைச்சுக்கிட்டு..." காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். கறுத்து, நாறிப்போன அந்த அடையை முதலாளி விரல் நுனியால் புரட்டினார்.

"இது என்னலே?"

"பஞ்சு மொதலாளி. இதாலதான் அம்புட்டுப் பெட்ரோலும் போச்சு."

முதலாளி சிரித்தார். சம்சாரிகள் சிரித்தார்கள். பருத்தியிலேயே பிறந்து பருத்தியிலேயே வளர்ந்த கூட்டம். பஞ்சு படுக்கைக்காகும், திரிக்காகும், புண்ணுக்காகும். பஞ்சு பெட்ரோல் குடித்ததாக அதில் ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை.

"ஏலே, எங்க தாத்தா காலத்துல இருந்து பஞ்சுலதாம்லே சோறு திங்கோம். எங்கிட்டயே பஞ்சக் கொண்டாந்து காட்டுதியா?"

"சத்தியமா மொதலாளி! வேணும்னா மறுபடியும் இதக் கட்டி ஓட்டிக் காட்டுதேன், ஒம்பது மைலுக்கு மேல ஓடாது. சேக் முகம்மதக் கேளுங்க, அவனும் கூட இருந்தான்."

"அவன் உன் சேக்காளி" என்றார் தங்கச்சாமி. "நான் ஒண்ணு கேக்கேன். இத வண்டியில கட்டுனது யாரு?"

யோவானுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நாந்தான்" என்றார்.

"நேத்துக் கழட்டுனது?"

"நாந்தான்."

"கேட்டுக்கிடுங்க மொதலாளி. வேணும்னா கட்டிக்கிடுதான், அளக்கப் போறோம்னதும் கழட்டிக்கிடுதான். யாராவது கேட்டா வண்டி குடிக்குதுன்னு காட்டுததுக்கு ஒரு ஏற்பாடு!"

கூட்டத்தில் யாரோ 'அடேயப்பா' என்று வியந்தார்கள். தங்கச்சாமி பொய் சொல்லவில்லை. அவர் அதை மனசார நம்பினார். அதற்கு மேல் யோவான் எதைச் சொன்னாலும், சொல்லச் சொல்லக் குழியின் ஆழம்தான் கூடிற்று.

"மொதலாளி, இப்பவே குருசடிக்கு வாரேன். சத்தியம் பண்ணுதேன்."

"அன்னைக்குப் பண்ணச் சொன்னப்ப முடியாதுன்னியே. இப்ப எதுக்குலே? அதான் மைல்கல்லே சத்தியம் பண்ணிட்டுதே" என்று முதலாளி எழுந்து வந்து யோவானின் தோளில் தட்டினார். "போகட்டும். கஷ்டம், எடுத்துட்ட. இனிமே எடுக்க மாட்ட. எனக்குத் தெரியும். சாவி உங்கிட்டயே இருக்கட்டும். மழைக்காலத்துல கரிசல்ல வண்டி எறக்க உன்ன விட்டா எனக்கு ஆளு யாரு?"

வேலை போகவில்லை. போயிருந்தால்கூட யோவான் கத்தியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம், நாலு பேர் பாவம் என்றாவது சொல்லியிருப்பார்கள். மன்னித்துவிட்டார் முதலாளி! எப்பேர்ப்பட்ட மனசு என்று சம்சாரிகள் அவரைத்தான் புகழ்ந்தார்கள். மத்தியானம் இன்னொரு மில் முதலாளி வந்தபோது, யோவானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, 'ஒரு காலன்ல திருத்திட்டேன் இவன' என்று பெருமையாகச் சொன்னார் குருசாமி. அன்று சாயங்காலத்துக்குள் பெட்ரோல் தொட்டிக்கு ஒரு பூட்டும் வந்துவிட்டது.

யோவான் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குப் போனார். ரத்தினம் ஒட்டிய தீப்பெட்டிகளை டிப்போவில் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அங்கே பெண்கள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். கஞ்சிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேப்பேன். கோவப்படக் கூடாது."

"கேளு."

"அவியதான் மன்னிச்சிட்டாவளே, இனிமே எங்கிட்ட மறைக்க வேண்டாம். எடுத்தியளா?"

"இல்லட்டி."

ரத்தினம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்பது யோவானுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இத்தன மாசமா வித்திருக்கீய. ஒரு சல்லி வீட்டுக்கு வரலையே. எவ வீட்டுக்குப் போச்சு?"

யோவான் முதலிலிருந்து சொன்னார். குடுவை உடைந்ததிலிருந்து, அரவைப் பெண்களின் மூக்குத்துணியைப் பார்த்தது, தலையணை மாதிரித் தைத்தது, தூசி அடைத்தது, காற்று இல்லாமல் பெட்ரோல் கரியாய்ப் போனது எல்லாவற்றையும், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, ஒன்று விடாமல் சொன்னார். அவர் இவ்வளவு நேரம் அவளிடம் பேசினதே இல்லை. ரத்தினம் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

"பஞ்சு..." என்றாள்.

"ஆமா. பஞ்சு."

"சரி" என்று எழுந்தாள் ரத்தினம். முன்வாசலில் முதலாளி பார்த்த அதே கோபமில்லாத பார்வை. "கையக் கழுவிட்டு வாங்க. கஞ்சி ஆறுது."